லூசிந்தா ஆற்றை பிள்ளை?

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் புதுசாகத் தொடங்கும். தெருவெல்லாம் கட்டிலும் குளிர்பெட்டியுமாகக் கிடக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு நாள், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு ஒற்றை ஆளாக மெத்தையை இழுத்துக்கொண்டு ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மெத்தை சிக்கிக்கொண்டது. பக்கத்துக் கதவு திறந்து, ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஒரு பெண் வெளியே வந்தார். மெத்தையின் மற்ற முனையைப் பிடித்தார். தூக்கவில்லை. பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"நீர் ஆற்றை பிள்ளை?"

யாருடைய பிள்ளை என்பதைத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கேட்போம். பதில் சொன்னால்தான் மெத்தை நகரும் என்பது விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் இது குசலம் விசாரிக்கிற குரலில்தான் கேட்கப்படும். முதலில் தகப்பன் பெயர், பிறகு ஊர், பிறகு ஊரில் எந்தப் பக்கம், கோயிலடியோ குளத்தடியோ. நாலாவது கேள்வி முடிவதற்குள் சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்காமலே உங்கள் சாதி வெளியே வந்துவிடும். நல்ல பதில் வைத்திருக்கிறவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஆகவே தகப்பன் பெயரை மட்டும் உண்மையாகச் சொன்னேன். கந்தையா என்ற பெயரில் வீதிக்கு நாலு பேர் இருப்பார்கள். ஊர் கிளிநொச்சி என்றேன். அது குடியேற்ற ஊர். எல்லாப் பக்கத்து ஆட்களும் போய்க் காடு வெட்டி இருந்த இடம். அங்கே போனால் எப்பேர்ப்பட்ட கேள்வியும் வழி தவறிவிடும்.

"ம்," என்றார். மெத்தையைத் தூக்கினார். மூன்றாம் மாடி வரைக்கும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவரை இங்கே அக்கா என்றே எழுதப் போகிறேன். பெயரைச் சொல்ல முடியாது. அவர்களுடைய குடும்பப் பெயர் ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயர். மொன்றியல் தமிழரில் அந்தப் பெயர் ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. அதை எழுதுவதும் கதவிலக்கத்தை எழுதுவதும் ஒன்றுதான்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஊரிலேயே இறந்துவிட்டார். ஒரே மகளோடு வந்து சேர்ந்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தார். அரசாங்கத்தின் இலவச வகுப்பில் பிரெஞ்சு படித்து, பொன்ஜூர், மெர்சிக்கு அடுத்ததாக அவர் சொந்தமாகக் கட்டிய வசனம், "வூஸெத் லா ஃபீய் த கி?" நீங்கள் ஆற்றை மகள்? வேறு ஊரென்றால் இதைக் கேட்டு முகம் சுளித்திருப்பார்கள். கியூபெக் கிராமத்துக் கிழவிகளோ, தங்கள் ஊரிலும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கேட்பார்களாம் என்று பூரித்துப் போனார்கள். பத்துத் தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய ஆள் வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னார்கள். அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். சூப் ஆறிப்போகிறது என்று மேற்பார்வையாளர் இரண்டு தடவை எச்சரித்தார்.

"சூப்பைச் சூடாக்கலாம். அந்தக் கிழவி நாளைக்கு இருக்குமோ தெரியாது. கதைக்கட்டும்," என்றார் என்னிடம்.

இந்தக் கேள்வியை நான் வெறுத்தேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் முழுசாக வெறுக்கவும் அவர் விடவில்லை. ஒரு மாசி மாதம் மெற்றோ வாசலில் ஒரு பெடியன் நின்றுகொண்டிருந்தான். வந்து நாலு நாள். கையுறை இல்லை, போட்டிருந்த ஜாக்கெட்டுக்கு சிப் இல்லை. பெரியம்மாவின் விலாசம் எழுதிய கடதாசி பனியில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. நான் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். அக்கா நின்றார். ஆற்றை பிள்ளை, தாய் எந்த ஊர், தாயின் தமையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மூன்றே கேள்வி. பக்கத்தில் தெப்பனேர் என்கிற சின்னக் கடைக்குள் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு தொலைபேசி அழைப்பு எடுத்தார். பிறகு அவனைத் தன் சால்வையால் போர்த்தி, இரண்டு பஸ் மாறி மொன்றியல்-நோர் பகுதிக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் வாசலில் விட்டுவிட்டு வந்தார். அந்தக் கேள்வியைப் பற்றி நான் கோபமாக ஏதாவது நினைக்கிற நேரமெல்லாம் அந்தப் பெடியன் வந்து நின்று என் கோபத்தைக் கெடுத்துவிடுவான்.

மொன்றியலில் எத்தனையோ பேருக்கு அவர் சம்பந்தம் பேசினார். எனக்கும் முப்பது தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் பேசவில்லை. அது ஏன் என்று யோசிக்க விரும்பாமல் இருந்தேன்.

அவரை யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார் என்று நீங்கள் நினைக்கலாம். தகப்பன் வழி தெளிவு. தாய் வழியில் நாலு தலைமுறை ஏறிப்போனால் ஓர் இடத்தில் சடக்கென்று நிற்கும்.

"எங்கடை பூட்டியின்ரை தாய் அமெரிக்கக்காரியின்ரை பிள்ளை," என்று சற்று வேகமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவார்.

அக்காவோ என்னைவிட ஒரு பிடி கறுப்பு. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"பெத்த பிள்ளையோ அக்கா, வளத்த பிள்ளையோ?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் தம்பி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரியிறன்?" என்றார்.

விளையாட்டாகச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை. அந்த ஒரு பதிலால் அவருடைய சித்திக்கு இரண்டு சம்பந்தம் குழம்பியது என்று பிறகு சொன்னார். அமெரிக்கக்காரியின் பிள்ளை என்றால், எங்கேயோ கிடந்து எடுத்த பிள்ளை என்று ஊரில் ஒரு கதை இருந்ததாம்.

பெயர் வந்த வழி மட்டும் அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிப்பித்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்தால் அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரையே வைக்கலாம். அப்படித்தான் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று லூசிந்தா ஆனது. பொறுப்பெடுத்தவளின் குடும்பப் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு, பெண் வழியாகவே ஐந்து தலைமுறை இறங்கி வந்துவிட்டது.

சும்மா கிடந்த இந்த விஷயம் மகளால் தலையெடுத்தது. மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெடியனை விரும்பினாள். பெடியனும் எங்கள் பக்கத்துப் புரொட்டஸ்தாந்துக் குடும்பம், மருந்துக்கடையில் வேலை. எல்லாம் பொருந்தி வந்தது. பெடியனின் தாய்க்காரி மட்டும் அக்காவிடம் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துக் கேட்டாளாம்: "உங்கடை அம்மா வழி கொஞ்சம் விளங்கேல்லை. ஒருக்காச் சொன்னால் எங்கடை அண்ணருக்கும் சொல்லலாம்."

ஊரையெல்லாம் கேட்ட கேள்வி அக்காவின் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குகிற வேலையில் இருந்தேன். நிலவறையில் மிஷன்காரரின் பழைய அறிக்கைகள் ஒரு தட்டு முழுக்க இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தால் யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றில் அத்தனை பேரும் அமெரிக்கப் பெண்கள். மூன்றாம் வாரம் லூசிந்தா அகப்பட்டாள். பொறுப்பெடுத்தவர்: அதே பெயர் கொண்ட பெண்மணி, வெர்மொண்டில் ஓர் ஊர். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அந்த ஊர் நகரசபைக்கு எழுதிப்போட்டேன். ஊர்ச் சரித்திரத்தைச் சேகரிக்கிற கிழவர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. அந்த அமெரிக்க லூசிந்தாவின் பொருட்கள் ஒரு பெட்டியில் இருப்பதாக எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரு கேள்வி: சிலோனிலிருந்த அவருடைய மகளின் சந்ததியினர் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா?

அக்கா அந்த வரியை விரலால் தொட்டார். "மகள் எண்டோ போட்டிருக்கு?"

"ஓம். மகள்."

"பொறும். பெட்டியைப் பாக்காமல் ஒண்டும் கதைக்கக்கூடாது."

அவர் பொறுத்தார். மகள் பொறுக்கவில்லை. அன்றைக்கே பெடியனுக்குச் சொன்னாள், பெடியன் தாய்க்குச் சொன்னான். வெள்ளைக்காரி வயிற்றில் பிறந்த வழி என்றதும் அந்த வீட்டுக்குப் பாதிச் சந்தேகம் பறந்துவிட்டது. அமெரிக்காவில் அச்சடித்த கடதாசி ஒன்று இருந்தால் போதும், அண்ணரோடு வந்து கதையை முடிக்கிறோம் என்றார்கள். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று துருவுகிறவர்கள் வெர்மொண்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வெர்மொண்ட் மொன்றியலிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் அக்காவுக்கு நிரந்தர வதிவிடப் பத்திரம் வந்திருக்கவில்லை. எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. எனக்கு அப்போது குடியுரிமை கிடைத்திருந்தது. நான் போனேன். வழியில் சாப்பிட மீன் பணிஸ் எட்டுக் கட்டித் தந்தார்.

கிழவர் நகரசபை மாடியில் காத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு வேதாகமம், ஒரு சால்வை, நாடாவால் கட்டிய கடிதக் கட்டு. அமெரிக்க லூசிந்தாவைப் பற்றி அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் சீமாட்டி அல்ல. ஒரு குளிர்காலத்தில் தேவாலயப் படியில் யாரோ விட்டுப்போன குழந்தை. ஒரு பண்ணை வீட்டிலிருந்து இன்னொரு பண்ணை வீட்டுக்கு மாறி மாறி வளர்ந்தாள். முதலில் எடுத்த வீட்டின் பெயர்தான் அவளுடைய குடும்பப் பெயர். பன்னிரண்டு வயதில் கம்பளி ஆலைக்குப் போனாள், கண் மங்கும் வரைக்கும் தறியில் நின்றாள். கலியாணம் இல்லை. ஒற்றை அறையில் இருந்து இறந்தாள்.

"இந்த ஊரின் எல்லாக் குடும்பத்தையும் வேர் வரைக்கும் வரைந்துவிட்டேன்," என்றார் கிழவர். "இவளுக்கு மேலே மட்டும் ஒரு பெயரும் எழுத முடியவில்லை. ஞானஸ்நானப் பதிவு, பண்ணைக் கணக்கு, கல்லறைக் கல், எல்லாம் பார்த்தாயிற்று. கீழே மட்டும் ஒரு பெயர் இருக்கிறது."

வேதாகமத்தின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். பிறப்பு, இறப்பு எழுதும் பக்கம் முழுக்க வெறுமை. நடுவில் ஒரே ஒரு வரி, மையில்: என் மகள் லூசிந்தா, சிலோன். அதை வைத்துத்தான் அவர் அச்சடித்த ஊர்ப் புத்தகத்தில், மணமாகாதவர், ஒரு மகள், என்று போட்டிருந்தார்.

பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார். ஒரு பக்கம் தமிழ். பின்பக்கத்தில் மிஷன் பெண்மணி யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கி, ஈரம் பட்டு அழிந்து, மேலே இரண்டு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: டியர் மதர்.

"மற்றப் பக்கத்தைப் படிக்க இந்த ஊரில் ஆள் இல்லை. உங்கள் தோழி மொழிபெயர்த்துத் தந்தால் அடுத்த பதிப்பில் போடுவேன்," என்றார்.

நான் நின்ற நிலையிலேயே படித்தேன். எழுத்து உருண்டை உருண்டையாக, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. முதல் வரி, ‘மகா கனம் பொருந்திய அம்மா அவர்களுக்கு’. அந்த ‘அம்மா’ என்ற ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் டொக்டரையும் அம்மா என்போம், தபால் கந்தோரில் முத்திரை விற்கிற பெண்ணையும் அம்மா என்போம். மரியாதைக்குச் சொன்ன அம்மாவை அந்த மொழிபெயர்ப்புக்காரி பெற்ற தாயாக்கி அனுப்பிவிட்டாள். ஆலையில் நின்ற அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, வெறுமையாய்க் கிடந்த பக்கத்தில் மகள் என்று எழுதிவிட்டாள்.

"என்ன சொல்லியிருக்கிறது?" என்று கிழவர் கேட்டார்.

"பழைய எழுத்து. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் படிக்க வேண்டும்," என்றேன். ஊரை மாற்றிச் சொன்னவனுக்கு இது பெரிய பொய் இல்லை. எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அக்கா சமையலறை மேசையில் பிரதியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"‘மகா கனம் பொருந்திய அம்மா அவர்களுக்கு. என் தாய் தகப்பன் இன்னாரென்று எழுதும்படி கேட்டிருந்தீர்கள். நான் அறியேன். வாந்திபேதி கண்ட வருஷத்தில் கடற்கரை மடத்தில் என்னைக் கண்டெடுத்ததாக மிஷன் ஐயர் சொல்லுகிறார். இவ்விடத்துப் பிள்ளைகள் நீ ஆருடைய பிள்ளையென்று என்னைக் கேட்டுப் பரிகாசம் பண்ணுகிறார்கள். அப்பொழுது நான் உங்கள் நாமத்தைச் சொல்லுகிறேன். அதற்காக என்னை மன்னிக்கவேண்டும்.’"

மூன்று தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த மனிசி? அவ ஆற்றை பிள்ளையாம்?"

"ஆருக்கும் தெரியாது அக்கா. கோயில் படியிலை விட்டிட்டுப் போனதாம்."

முதலில் சிரித்தார். இரண்டு பேருமோ, என்று கேட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தக் கேள்விக்குப் பயந்து பொய் சொன்ன ஆள் நான் மட்டும் அல்ல, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டையும் அதையே செய்திருக்கிறாள்.

அவர் முகம் கழுவிவிட்டு வந்ததும் என் யோசனையைச் சொன்னேன்.

"அக்கா, கடிதத்தை வையுங்கோ. அந்த அச்சடிச்ச பக்கத்தை மட்டும் காட்டுங்கோ. அதிலை மகள் எண்டுதானே கிடக்கு. நாங்கள் ஒண்டும் எழுதேல்லையே."

"நீர் கிளிநொச்சி எண்டு சொன்னமாதிரியோ?"

எனக்குக் காது சூடேறியது.

"உம்மடை கொப்பர் கந்தையா எங்கடை வளவுப் பனையிலை ஏறினவர். உமக்கு அவரின்ரை அச்சு முகம். மெத்தையைப் பிடிச்ச உடனை தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீர் சொல்ல விரும்பேல்லை. பிறகென்னத்துக்குக் கேக்கிறது?"

நான் குடிவந்த முதல் கிழமையே என் வீட்டுக்கு வந்து, என் கோப்பையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர். தெரியாமல் குடித்தார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தெரிந்துதான் குடித்திருக்கிறார். இருந்தாலும் என் வாய் அடங்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் ஒரு சம்பந்தமும் பேசேல்லை?"

அவர் மேசையில் இல்லாத தூசியைக் கையால் துடைத்தார்.

"பேசினால் அவையள் கேப்பினம் தம்பி. நான் சொல்லவேண்டி வரும். அதுக்கு எனக்குப் பயம்." பிறகு, "அது என்ரை பிழைதான்," என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தார்கள். தாய், தாயின் அண்ணர், பெடியன். அக்கா ரோல்ஸும் கேக்கும் வைத்திருந்தார். மகள் சேலை கட்டியிருந்தாள். அச்சடித்த பக்கத்தை அண்ணர் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் படித்து, தலையை ஆட்டினார்.

"வலு திறம். வெள்ளைக்காரர் எண்டால் எல்லாத்தையும் எழுதி வைச்சிருப்பினம், என்ன? நான் இவளுக்கு அப்பவே சொன்னனான், நல்ல இடமாத்தான் இருக்கும் எண்டு."

அவ்வளவுதான். அக்கா வாயைத் திறக்காமல் இன்னொரு ரோல்ஸ் எடுத்து நீட்டியிருந்தால் திகதி குறித்திருப்பார்கள். மகள் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்று, பேசாமல் இருங்கோ அக்கா, பேசாமல் இருங்கோ, என்று மனசுக்குள் மன்றாடினேன்.

"அதிலை பிழை இருக்கு," என்றார் அக்கா. "மகள் இல்லை. மடத்திலை கண்டெடுத்த பிள்ளை. ஆற்றை எண்டு அந்தப் பிள்ளைக்கே தெரியாது. இஞ்சை அவ எழுதின கடிதம் இருக்கு, வாசிக்கிறன்."

வாசித்தார். எல்லாவற்றையும், பரிகாசம் பண்ணுகிறார்கள் என்ற வரியையும் சேர்த்து வாசித்தார். பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய்க்காரி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள், அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"நாங்கள் பேந்து ரெலிபோன் எடுக்கிறம்," என்றார் அண்ணர்.

எடுக்கவில்லை. பெடியன் இரண்டு தடவை எடுத்தான், அம்மாவைச் சமாளிக்க நேரம் வேணும் என்றான். பிறகு அவனும் எடுக்கவில்லை.

மகள் கத்தவில்லை, அழவும் இல்லை. தாயோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பிட்டாள், படித்தாள், தன் கோப்பையைக் கழுவி வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்பினாள். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்குத் தூது போக நான் ஒரு மாடி இறங்கி ஏறினேன். அக்கா வேலைக்குப் போய் வந்தார். தட்டுகள் சூடாகவே நோயாளிகளிடம் போகின்றன என்று மேற்பார்வையாளர் பாராட்டினாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. அதற்குள் வெர்மொண்ட் கிழவர் இரண்டு கடிதம் போட்டுவிட்டார். புத்தகம் அச்சுக்குப் போகிறது, மொழிபெயர்ப்பு வேண்டும். என்னிடம் பழைய கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. ஆனால் என் ஆங்கிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போதாது. மகளைக் கேட்டேன்.

"உங்களுக்காக மட்டும் வாறன் அண்ணை," என்றாள்.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் இருவரும் மேலே வந்தார்கள். மகள் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அக்கா பின்னால் கதிரையில், கடிதத்தின் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு. மகள் முதல் வரியைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு தாயிடம் நேராகக் கேட்டாள்.

"‘அம்மா அவர்களுக்கு’ எண்டால் மேடம் தானே?"

"மதர் எண்டு அடி."

மகள் கதிரையோடு திரும்பினாள்.

"என்ன சொல்லுறீங்கள்? அது பிழை எண்டு உங்களுக்குத் தெரியும். ஆக்கள் எல்லாருக்கும் முன்னாலை பிழை எண்டு சொன்னதும் நீங்கள்தான். என்ரை விசயத்திலை மட்டும் உண்மை வேணும், புத்தகத்திலை வேண்டாமோ?"

நான் எழும்பி வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அக்கா என்னைக் கையமர்த்தினார்.

"அண்டைக்கு வந்தவை அந்தப் பிள்ளையை நிறுத்துப் பாக்க வந்தவை. அவையளுக்கு முன்னாலை அவளை மறைச்சால் நானும் அவளைப் பரிகாசம் பண்ணினமாதிரித்தான். உன்ரை மனசை முறிச்சுப்போட்டன். அது தெரியும். அதுக்கு எனக்கு மன்னிப்பு இல்லை." மடியிலிருந்த பிரதியை விரலால் தொட்டார். "ஆனால் உந்த மனிசி, தனக்கு ஒரு மகள் இருக்கு எண்டு மையாலை எழுதி வைச்சிட்டுச் செத்தவ. அவவுக்கு உலகத்திலை அந்த ஒரு வரிதான். இப்ப நாங்கள் போய், அது மகள் இல்லை, மரியாதைக்குச் சொன்னது எண்டு சொல்லுறதே? என்னாலை ஏலாது. நீ வேணுமெண்டால் மேடம் எண்டு அடி. உனக்குத்தான் இங்கிலீசு தெரியும்."

மகள் தாயின் மடியிலிருந்த பிரதியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக, ‘டியர் மதர்’ என்று அடித்தாள்.

"பிறகு?" என்று கேட்டாள். "வாசியுங்கோ அம்மா, நான் அடிக்கிறன்."